தட்டி நிரப்பின கப்

“இதுவும் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே ராமதாஸ் கேக்கில் கத்தியை இறக்கினார். அது பாதியில் நின்றது.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அவர் மனைவி சுலோசனா அடுத்த கேக்குக்குத் தட்டை எடுத்து வைத்தாள். மூன்று நாளில் வீணாய்ப் போன மூன்றாவது கேக் இது. நேற்றுக் கொடுத்ததைக் கோட்டக்குப்பத்துக்காரர் திருப்பியே அனுப்பிவிட்டார். நாளைக் காலையில் இன்னொரு பிறந்தநாள் கேக் போயாக வேண்டும்.

“நீ தனியா செஞ்சவரைக்கும் பஞ்சு மாதிரி வந்துச்சு. இந்தம்மா கை வெச்சதுலேர்ந்துதான் இப்படி. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு.”

முட்டை அடித்துக்கொண்டிருந்த வேலம்மாளின் கை நின்றது.

ராமதாஸின் உப்பளத்தில் பத்து வருஷமாகக் கூடை சுமக்கிறவள் அவள். மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் அளத்து வேலை கிடையாது. தை வரைக்கும் அவள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே என்று சுலோசனாதான் கேக் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

“அக்கா சொன்ன மாதிரி மூணு கப் மைதாதான் போட்டேன் முதலாளி. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

“எங்க, ஒரு கப் போட்டுக் காட்டு.”

வேலம்மாள் டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினாள். சமையல் மேடையில் வைத்து மூன்று தட்டு தட்டினாள். மாவு கீழே இறங்கியது. மறுபடி அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி, மேலே கோபுரமாகக் குவித்தாள்.

ராமதாஸ் அதை வெயிட் மெஷினில் கொட்டினார். நூற்று எண்பது கிராம்.

“சுலோ, இப்ப நீ போடு.”

சுலோசனா ஸ்பூனால் லேசாக அள்ளிப் போட்டு, இன்னொரு கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டாள். நூற்று இருபது.

“பார்த்தியா? அதே கப், அதே மாவு. மூணு கப்புக்கு ஒன்றரை கப் கூடுதலாப் போயிருக்குது. அப்புறம் கேக் எப்படி மெத்துனு வரும்?” ராமதாஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கப்பு, கூடைங்கிறதெல்லாம் ஒரு அளவே கிடையாது. ரொப்புறவங்க கையைப் பொறுத்தது அது. எடைதான் நியாயம். இந்த மெஷினுக்கு முதலாளியும் தெரியாது, வேலைக்காரியும் தெரியாது.”

வேலம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

“தெரியாமப் பண்ணிட்டேன் முதலாளி. அளத்துல பழகின கை. கூடைய மூணு தட்டு தட்டி, குவிச்சு எடுத்தாந்தாத்தான் மேஸ்திரி ஒண்ணுன்னு எண்ணுவாரு. இல்லேன்னா போயி ரொப்பிட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவாரு. கூடை எண்ணித்தானே கூலி.”

“ம்” என்றார் ராமதாஸ்.

அவள் மெஷினையே பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். சிரிப்பு வந்துவிட்டது.

“அப்படிப் பார்த்தா, நாங்க ரெண்டு கூடைன்னு தூக்கினது மூணு கூடை போல.”

ராமதாஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஷெட்டுல பெரிய தராசு இருக்குதுல்ல முதலாளி, லாரிக்குப் போற மூட்டை நிறுக்கறது? தை மாசம் எங்க கூடையையும் ஒரு தடவ அதுல வெச்சுப் பார்க்கலாங்களா?”

குத்தலாகக் கேட்கவில்லை அவள். புதிதாக ஒரு கணக்குக் கற்றுக்கொண்டவள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

ராமதாஸ் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போய்விட்டார்.

சுலோசனா மெஷினில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, அதை வேலம்மாளின் பக்கம் நகர்த்தினாள்.

“நாளைக்கு வெள்ளனவே வந்துடு, வேலம்மா. இனிமே மாவு நிறுக்கறது உன் வேலை.”

“சரிக்கா.”

“தை மாசம் உன் முதல் கூடைய நான் வந்து நிறுக்கறேன்.”