அம்மச்சி அமுக்கிய பட்டன்

லிஜிக்கு மாப்பிள்ளை தேடிப் பேப்பரில் கொடுத்த விளம்பரத்துக்கு மெயில்கள் குவிந்திருந்தன. காதலன் சிபியும் அதில் ஒரு மெயில் போட்டிருந்தான். அது தப்புமா என்ற பயத்தோடு, அப்பா குரியாச்சன் சொல்லச் சொல்ல, லிஜி ஃபில்டர் அமைத்தாள்.

“வெளிநாட்டுல இருக்கறவன் எல்லாம் குப்பைக்குப் போகட்டும் மோளே.”

“அப்பச்சா! அம்மச்சி கனடா மாப்பிள்ளைதான் கேக்கறாங்க.”

“நீ எழுது. டாக்டரா இருக்கணும், மாட்டு டாக்டர்னாலும் சரி. சர்ச் கொயர்ல பாடணும்.”

“மெயில் வந்ததும் ஃபில்டர் தானா ஓடட்டுமா?”

“வேண்டாம். பட்டனை அமுக்கினாத்தான் ஓடணும். அம்மச்சியே அமுக்கட்டும்.”

மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா ஏலியாம்மா, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அமுக்கினாள். மளமளவென்று மெயில்கள் மறைந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியது. சிபி!

“மாட்டு டாக்டரா?” ஏலியாம்மா முகம் சுளித்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். “சரி, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. நீங்க பொறுக்கியிருந்தா ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்!”

அண்ணனுக்குப் போன் போட உள்ளே ஓடினாள்.

லிஜிக்குக் கண் கலங்கியது. “எப்படி அப்பச்சா...”

“நம்ம பசுவுக்கு ஊசி போட வந்தப்பவே பையன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். அவனை மனசுல வெச்சுத்தான் ஒவ்வொண்ணா சொன்னேன்.”

உள்ளேயிருந்து ஏலியாம்மாவின் குரல் உற்சாகமாகக் கேட்டது. “அண்ணா, உங்க மோளுக்கு வந்த மெயிலையும் இங்க அனுப்புங்க. ஒரே அமுக்குதான்!”

குரியாச்சன் பதறினார்.

“மோளே, முதல்ல அந்த ஃபில்டரை அழி. சிபி அங்கேயும் ஒரு மெயில் போட்டிருந்தான்னா என்ன பண்றது?”