புதுப் பரு

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். டாக்டர் லின்சி, பிரவீனா, பிரவீனாவின் அம்மா குழந்தையம்மாள். மூன்று பேரும் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

“லேசர் வெச்சதுல பழைய குழியெல்லாம் நல்லா நிரம்பியிருக்கு,” என்றார் டாக்டர், பிரவீனாவின் தாடையை விளக்குப் பக்கம் திருப்பி. “ஆனா புதுசு புதுசா பரு வருது. பரு இருக்கறப்ப லேசர் வைக்க முடியாது. இது ஒவ்வொண்ணும் போறப்ப ஒரு குழி விட்டுட்டுத்தான் போகும்.”

“ஞாயித்துக்கெழமை வெள்ளகோவில்ல இருந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க டாக்டர்,” என்றாள் குழந்தையம்மாள். “இதுக்கு முன்னால நாலு எடம் மூஞ்சியப் பார்த்துப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்ற புள்ளை கதி என்னங்க?” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பிரவீனாவுக்கு அழுகை வரவில்லை. குழப்பம்தான். முப்பத்தோரு வயதில் பதினாறு வயதுப் பரு. கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். சொன்ன சோப்பைப் போட்டாள். வெள்ளகோவில் கிருபாசங்கர் போனில் இரண்டு தடவை பேசியிருந்தான். அவன் பேச்சு பிடித்திருந்தது. இந்த இடம் மட்டும் அமைந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். ஆனால் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு முன்னால் பரு வந்து உட்கார்ந்துகொள்கிறதே, எப்படி?

“பயத்துலகூட வருமுங்களா டாக்டர்?”

“வரலாம். முகத்துல வேற ஏதாவது தடவறீங்களா?”

“இல்லீங்க.”

“க்ரீம், பவுடர், கஸ்தூரி மஞ்சள்?”

“எதுவுமே இல்லீங்க. நீங்க குடுத்தது மட்டுந்தான்.”

“முகம் நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோ இருக்கா?”

பிரவீனா போனை நீட்டினாள். வாங்கிய டாக்டர், விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

“போனெல்லாம் தேங்காய் எண்ணெய்!”

“காத்தால அம்மா மூஞ்சிக்குத் தடவி உட்டாங்க.”

“எதுவுமே தடவலைன்னீங்க?”

“அது எண்ணெய்தானுங்களே.”

பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்கு நடுவில் வளர்ந்தவள். எண்ணெயையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பல் துலக்குவதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

“தினமும் தடவுவீங்களா?”

“லேசாங்க. பொண்ணு பார்க்க வாராங்கன்னா மட்டும், அம்மா ஒரு வாரத்துக்கு நல்லா அழுத்தித் தேய்ச்சு உடுவாங்க. மூஞ்சி மின்னோணும்னு.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அம்மா, உங்க பொண்ணு தோலுக்கு எண்ணெய் ஆகாது. அடைச்சுக்கிட்டுப் பரு கிளம்பும். நான் இந்தப் பக்கம் குழியை மூட மூட, நீங்க அந்தப் பக்கம் தோண்டிட்டே இருந்திருக்கீங்க!”

குழந்தையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அட கடவுளே! தெரியாம செஞ்சுபோட்டேனே அம்மணி! நம்ம தோட்டத்து எண்ணெய், நல்லதுன்னுதானே தேய்ச்சேன்!”

“உடுங்கம்மா. எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் பிரவீனா.

“இன்னியோட நிறுத்துங்க,” என்றார் டாக்டர். “பரு அடங்கட்டும், மிச்சக் குழிக்கு லேசர் வெச்சுக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லுங்க.”

பொள்ளாச்சி பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மனசு கேட்கவில்லை போல என்று நினைத்து, பிரவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இவளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அம்மா அத்தனை பெரிய வீட்டில் ஒண்டியாள். அப்படியிருந்தும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓடி ஓடிப் பலகாரம் சுட்டவள். அவளைப் போய்த் திட்ட முடியுமா?

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா கதவைத் திறக்கப் போனாள். பக்கத்து வீட்டு சண்முகப்பிரியா காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டாள். காலேஜ் போகிற பெண். முகத்தில் ஒரு பொட்டுத் தழும்பு கிடையாது.

“டாக்டர் என்னக்கா சொன்னாங்க?”

“எல்லாம் தேங்காய் எண்ணெய் பண்ணுன வேலையாம் பிரியா. இத்தனை நாளா அம்மாவுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

சண்முகப்பிரியா முழித்தாள்.

“பெரியம்மாவுக்கா தெரியல? நான் ப்ளஸ் டூ படிக்கறப்ப எனக்கும் மூஞ்சி பூரா பருதானே? ‘எண்ணெய் பட்டா கெளம்பும் கண்ணு, மூஞ்சிகிட்டயே கொண்டு போகாதே’ன்னு அவங்கதானேக்கா எனக்குச் சொன்னாங்க!”

பிரவீனா திரும்பிப் பார்த்தாள். அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“உள்ள வா அம்மணி.”

பிரவீனா உள்ளே போனாள். பின்னால் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது.