ஆபீஸில் ஒரே லைன்

கோலா சாவா தோட்டத்து ஆபீஸின் கம்ப்யூட்டர் திரையில் மணற்கடிகாரம் உறைந்து நிற்கிறது. பிற்பகல் வெயில் அதை வெளிறச் செய்கிறது. இன்றைய செம்பனைப் பழத்தின் எடையைப் போன் லைன் வழியாக எண்ணெய் ஆலைக்கு அனுப்பு, பதில் வரும்வரை வேறெந்த வேலையும் செய்யாதே என்று, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் இளைஞன் டொனால்ட் தன் புரோகிராமுக்கு எழுதிவைத்திருக்கிறான். அது அவனைவிடக் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை. பதில் வந்துவிட்டது, மோடத்தின் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. ஆனால் வந்ததை எழுந்துபோய் வாங்குவதும் வேறு வேலைதான் என்பதால், புரோகிராம் அசையாமல் காத்திருக்கிறது. ஆபீஸுக்கு இருக்கும் ஒரே போன் லைனையும் விடவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில், கணக்கு எழுதும் கிராணி அந்தோணிதாஸின் மகள் மரியகொரெட்டிக்கு ஆபரேஷன். முடிந்ததும் மருமகன் இந்த நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். கிராணியின் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

“என்னா தம்பி, ஒன் கம்ப்யூட்டரு வேல செய்யுதா, ஜெபம் பண்ணுதா?”

“பதிலுக்கு வெயிட் பண்ணுது அங்கிள்.”

“நானுந்தான் பண்றேன். வயர புடுங்கு லா.”

டொனால்ட் வயரைப் பிடுங்கிப் போனில் செருகுகிறான். கிராணி போனை நெஞ்சருகே இழுத்துவைத்து, அதையே பார்த்தபடி உட்காருகிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. அப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரய்யா மூச்சிரைக்க வந்து நிற்கிறார்.

“ஐயா, தோட்டத்துக் கடைக்கு ஒரு போன் வந்துச்சு...”

“அப்பறம் சொல்லு லா. இங்க போன் வரணும்.”

கிராணி திரும்பவில்லை. லைன் கிடைக்காத மருமகன் கடைக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்பது டொனால்டுக்கு மட்டும் உறைக்கிறது. மண்டோர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, கிராணி திரும்பும்வரை நிற்கிறார்.