கேட் ஓரத்து வால்வு

நான் பிளம்பர், கரண்ட் வேலையும் பார்ப்பேன். நான் வழக்கமாக வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் வீட்டில் விடிந்தால் குழாய் பீய்ச்சி அடிக்கும், கரண்ட் எகிறும். அவர் கணவர் இருந்தவரை தினமும் முதலில் எழுந்து கேட் ஓரத்து வால்வைப் பாதி மூடுவார். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைப்பார். அவர் இறந்தபின் அந்த அம்மா மட்டும்தான் வீட்டில். பிரஷரைக் குறைக்கும் கருவியும் ஸ்டெபிலைசரும் மாட்டச் சொல்லி வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

நான் போனபோது வால்வு பாதி மூடியிருந்தது. ஒயரும் சுற்றியிருந்தது.

"நீங்களே பண்ணிக்கிறீங்களாம்மா?"

"அந்த வால்வைத் திருக என் கைக்கு எங்கப்பா பலம்?"

மாட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் அந்த அம்மா திரும்பக் கூப்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. வால்வு முழுக்கத் திறந்து கிடந்தது.

"ரெண்டையும் கழட்டிடுப்பா."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான் இங்க வர ஒரு வேலையும் இல்லாமப் போச்சு."

கழற்றுவதற்கு முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஸ்பேனரோடு கேட்டுக்குப் போனேன்.

எனக்கு முன்பே யாரோ வால்வை இறுக மூடியிருந்தார்கள்.