வால்வு செட்டின் மகிமை

சங்கீத விமர்சகர் கண்ணை மூடி, காதில் ஹெட்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர் தணல் மாதிரி ஒளிர்ந்தது. அதை வாங்கியதிலிருந்து, "வால்வு சத்தத்துக்கு ஈடு உண்டா?" என்று பார்த்தவர்களை எல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டார் மனுஷர்.

வீட்டுக்கு வந்த மச்சான் காதில், சமையலறையில் தன் தங்கை பாடுவது விழுந்தது. அவருக்கு வந்ததே கோபம்!

"ஏன் மாப்பிள்ளை, உள்ளே அவ எவ்வளவு அழகா பாடறா! நீங்க இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறீங்களே?"

விமர்சகர் திருடன் மாதிரி விழித்தார்.

"கல்யாணமான புதுசுல, விருந்தாளிங்க முன்னாடி 'சுருதி சேரலை'ன்னு சொல்லி அவ வாயை மூடினீங்க. இப்ப நீங்க காதை மூடினப்புறம்தான் பாவம், பாடறா!"

ஹெட்போனைக் கழற்றாமலே விமர்சகர் தலைகுனிந்தார்.

"அப்படி என்னதான் கேக்கறீங்க?" என்று மச்சான் அதைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், அதன் முனை எதிலும் செருகப்படாமல் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"மெதுவா பேசுங்க மச்சான்," என்றார் விமர்சகர். "எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா."