மதிலுக்கு மேலே ஒரு தலை

"வீடு பாக்க வந்தீங்களா? பாருங்க, பாருங்க. மழைக்காலத்துல வந்து பாத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாளின் தலை முளைத்திருந்தது. தெருவில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

வீடு வாங்க வந்த வாத்தியார் அப்படியே நின்றார். "ஏம்மா, உள்ள தண்ணி வருமா?"

"ரோட்டை உசத்தி உசத்திப் போட்டுட்டாங்களே! தெருத்தண்ணி பூரா உள்ளதான். கட்டில்ல உக்காந்து காலைத் தொங்கப் போட்டா பாதம் நனையும். அப்புறம் அந்த பெட்ரூம் சுவரு..."

"சுவருக்கு என்ன?"

"புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்கல்ல? அவ்வளவுதான் சொல்வேன். அடுத்தவங்க வியாபாரத்துல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்?"

முழுத் தலையையும் நுழைத்தாகிவிட்டது, இதில் மூக்குக்கு மட்டும் என்ன வெட்கமோ!

அதற்குப் பிறகு வாத்தியார் ஹாலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று விற்பவனுக்குத் தெரியாதா? இதற்கு முன்னால் வந்த இரண்டு பார்ட்டிகளும் இதையே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

விற்க வந்திருந்தவன் இந்த வீட்டுப் பிள்ளை. நகரத்தில் ஒரு பெரிய ஃபிளாட் பேசி வைத்திருந்தான். அதில் அம்மாவுக்கென்றே தனி அறை. இந்த மாதத்துக்குள் இந்த வீடு விலை போனால் உண்டு, இல்லாவிட்டால் அந்த ஃபிளாட் வேறு யாருக்கோ போய்விடும். அப்பா போனதிலிருந்து அம்மா இங்கே ஒண்டிக்கட்டையாகக் கிடக்கிறாள். போனை எடுக்க அவள் கொஞ்சம் தாமதித்தால் போதும், அங்கே இவனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"அந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்று, வாத்தியாரைக் கூட்டிவந்த புரோக்கரிடம் சீறினான்.

"பொறாமை சார். அவங்க வீடும் இதே தெருவுலதான இருக்கு? அதோட விலையும் சேந்துல்ல இறங்குது! தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்ல, எதிராளிக்கு சகுனத்தடை ஆகணும்னு சில பேரு இருக்காங்க."

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். "விடுப்பா, அவ வாயே அப்படித்தான். மரக்கிளையை வெட்டினதுல ஆரம்பிச்ச சண்டை. நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"நீ என்னம்மா சொல்ற? வித்துடலாந்தானே?"

"எனக்கென்னப்பா. நீ பாத்து எது செஞ்சாலும் சரி."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். தங்கமான அம்மா என்று அவனுக்குப் பெருமை.

புரோக்கர் தெருமுனை தாண்டியதும் அவன் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. உள்ளே சைரனைத் தவிர யாருமில்லை. கேட்க ஆளில்லாமல் டீவி பேசிக்கொண்டிருந்தது.

"ஏன் அத்தை, நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணோம்? எந்த மழைக்காவது எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கா?"

"இல்ல."

"சுவர்ல ஓதம்?"

"உங்கப்பா நின்னு கட்டின சுவரு. கல்லாட்டம் இருக்கு."

"அப்ப வாய் கூசாம பொய் சொல்றீங்க! அம்மா தனியாவே கிடந்து சாகட்டும்னுதானே?"

சைரன் பதிலுக்கு ஊதவில்லை. டீவியை நிறுத்திவிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை நகர்த்தினார். "உக்காரு தம்பி."

"நான் உக்கார வரல."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லு. அந்தப் புது வீட்ல பகல்ல யார் இருப்பா?"

"நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல்... சாயங்காலம் எல்லாரும் வந்துடுவோமே!"

சொல்லும்போதே அவனுக்கு அந்தப் பகல் ரொம்ப நீளமாகத் தெரிந்தது. அது கோபத்தைத்தான் கூட்டியது.

"இங்க நான் பாத்திரத்தை உருட்டினா, உங்கம்மா அந்தப் பக்கத்துல இருந்து முணுமுணுப்பா. நானும் விடமாட்டேன். அப்படித்தான் எங்க ரெண்டு பேருக்கும் பொழுது போகுது."

"சண்டை போட ஆள் வேணும்னு எங்க பொழப்பைக் கெடுப்பீங்களா? எங்கம்மா எங்க இருக்கணும்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

"நான் யாருமில்லதான்" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "வீடு பாக்க ஆள் வரப்போகுதுன்னு நீ போன்ல சொன்னியாமே, அன்னிக்கு உங்கம்மா இந்த வாசல்ல வந்து நின்னா. அத்தனை வருஷம் பேசாதவ. உள்ளகூட வரல. 'எம் பிள்ளை ஆசையா கூப்பிடறான், வரமாட்டேன்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உனக்குத்தான் வாய் இருக்கே, வர்றவங்ககிட்ட நீ ஏதாவது சொல்லேன்'னு அழுதா."