மடித்த கை

“கத்தரியைக் கீழ போட்டுடாத, சத்தம் கேக்கும். எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளு. நான் கூப்பிடற வரைக்கும் நீ ரூமை விட்டு வெளியே வராத.”

மகள் ஜெசிகாவிடம் கிசுகிசுத்துவிட்டு மர்சலின் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். வாசலில் காலிங் பெல் இரண்டாவது முறையாக அடித்தது.

போன வாரம்தான் வீட்டுச் சொந்தக்காரர் பவுல்சாமி அசோக் நகரிலிருந்து போன் செய்திருந்தார். “வீட்டுல ஏதோ வியாபாரம் நடக்குதாமே? குடியிருக்கத்தான் வீடு குடுத்தேன். என் தங்கச்சி ஒருநாள் வந்து பாப்பா. உண்மைன்னா உடனே காலி பண்ணிடுங்க.”

வியாபாரம் என்றால் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. விசேஷங்களுக்கு கிஃப்ட் கார்டு கொடுப்பவர்கள் அதைச் செருகிக் கொடுக்க அழகான காகிதக் கவர் கேட்பார்கள். ஜெசிகா அதைக் கையாலேயே செய்வாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் முந்நூறு கவர் ஆர்டர். இதற்குப் போய் வீட்டைக் காலி செய் என்றால்? மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், இன்னொரு வீடு கிடைத்த மாதிரிதான்.

கதவைத் திறந்தால், கண்ணாடி போட்ட ஓர் அம்மா நின்றிருந்தாள்.

“மர்சலின்தானே? இந்தப் பக்கம் வந்தேன். அப்படியே வீட்டைப் பாத்துட்டுப் போலாம்னு.”

வீட்டைப் பார்க்க வந்தாளாம். வேறு யாராக இருக்க முடியும், தங்கச்சியேதான்.

“தாராளமா பாருங்க. எங்க வீட்டுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?”

அந்த அம்மாவின் கண் சோபாவிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சாத்திய கதவுக்கும் போய் வந்தது. பிறகு கைப்பையைத் திறந்து, காகித ரோஜா வைத்த ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அடையாறுல ஒரு குழந்தையோட புதுநன்மை விருந்துல இதைப் பாத்தேன். பதினோரு மடிப்பு, எண்ணிப் பாத்தேன். ஒரு சொட்டுப் பசை கிடையாது. விசாரிச்சா உங்க பொண்ணு செய்யறான்னாங்க.”

சாட்சியோடு வந்திருக்கிறாள்.

“என் பொண்ணா? நல்லா சொன்னீங்க போங்க. அவளுக்கு ஒரு பேப்பரை நேரா மடிக்கத் தெரியாது. ரெண்டு நிமிஷம் ஓரிடத்துல உக்கார மாட்டா.”

“அப்படியா? படிப்பை முடிச்சுட்டு வீட்டுலயே ஏதோ வேலை செய்யறதா சொன்னாங்களே.”

“வேலையா? பதினோரு மணிக்கு எழுந்திருப்பா. அப்புறம் போன். போன்ல சார்ஜ் தீர்ந்தா திரும்பவும் தூக்கம். ஏன்டின்னு கேட்டா எரிஞ்சு விழுவா.”

சாத்திய அறைக்குள் எதுவோ ணங்கென்று விழுந்தது.

“பூனை,” என்றாள் மர்சலின்.

அந்த அம்மா எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். “சமையல் யாரு, பொண்ணா?”

கேள்வியைப் பாரேன். சமைக்கிறாள் என்றால், இப்போது சொன்ன சோம்பேறிக் கதை பொய்யாகிவிடும். இல்லை என்றால், அப்புறம் நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று மடக்கவா? மடக்கட்டுமே. சோம்பேறியை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் சட்டம் எங்கும் இல்லை.

“அவளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதும்மா. எல்லாம் நான்தான்.”

“அப்ப இதைச் செஞ்சது யாரு?”

யாராவது ஒரு பெயரைச் சொன்னால்தான் இவள் கிளம்புவாள். மர்சலினுக்குச் சட்டென்று நாத்தனார் மகள் ஞாபகம் வந்தது. மயிலாப்பூரில் சொந்த வீடு. யார் போய்க் கேட்டாலும் அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

“என் நாத்தனார் பொண்ணு சோஃபியா. காலைல சர்ச்சுல பூசைக்குப் போய்ட்டு வந்து உக்காந்தான்னா, சாயந்தரம் வரைக்கும் தலை நிமிர மாட்டா. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா.”

நாத்தனாரோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகளைப் புகழ்வது மர்சலினுக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. சோஃபியாவுக்கு ஒரு புத்தகத்துக்கு அட்டை போடக்கூடத் தெரியாது. போகட்டும், வீடு தப்பித்தால் போதும்.

அந்த அம்மா மயிலாப்பூர் விலாசத்தைக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். கீழே ஆட்டோ காத்திருந்தது. மர்சலின் ஆட்டோ வரைக்கும் கூடவே போனாள். வெற்றி வெற்றிதானே.

“பவுல்சாமி சார்கிட்ட சொல்லிடுங்க, இங்க ஒரு வியாபாரமும் நடக்கலன்னு.”

“பவுல்சாமியா? யாரு அது?”

“நீங்க அவரோட தங்கச்சி இல்லையா?”

“எனக்கு அண்ணனே கிடையாதும்மா,” என்று சிரித்தாள் அவள். “என் பையன் ஜெஃப்ரிக்குப் பொண்ணு பாக்கறோம். இதை மடிச்ச கைதான் எங்க வீட்டுக்கு வரணும்னு அவனுக்கும் எனக்கும் ஆசை. சொல்லிட்டு வந்தா எல்லா வீடும் பளபளன்னுதான் இருக்கும், அதான் சொல்லாம வந்தேன். நல்லவேளை, பெத்த பொண்ணுன்னும் பாக்காம உள்ளதை உள்ளபடி சொன்னீங்க. நேரா மயிலாப்பூர்தான் போறேன்.”

மர்சலின் ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, ஒரு நிமிஷம். மாதா மேல சத்தியமா, அதைச் செஞ்சது என் பொண்ணுதான்.”

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை வீடுன்னு தெரிஞ்சதும் நாத்தனார் பொண்ணோட வாழ்க்கையைத் தட்டிப் பறிக்கப் பாக்கறீங்களே,” என்றாள். “வண்டியை எடுப்பா.”